திருகிய கோபுரத்தின் கண்ணாடி முகப்பு: கிராஸ்ஹாப்பரில் அடி முதல் முடி வரை

வளைந்த கோபுரம் ஒன்றை மாடல் செய்யச் சொன்னால் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் இறங்குவார்கள். கீழே ஒரு வளைவு, மேலே கொஞ்சம் திருப்பிய இன்னொரு வளைவு, நடுவே இரண்டையும் பரப்பாக இணைக்கும் லாஃப்ட். பத்து நிமிடத்தில் திரையில் கோபுரம் நின்றுவிடும். அப்புறம் அந்தத் தோலைப் பேனல்களாக வெட்ட இரண்டு நாள் மல்லுக்கட்டுவார்கள். வெட்டி முடித்துப் பார்த்தால் பேனலின் ஒரு கிடைக்கோடுகூடத் தளத்தோடு பொருந்தியிருக்காது.

கோளாறு மென்பொருளில் இல்லை, வரிசையில் இருக்கிறது. கண்ணாடி தொங்குவது ஸ்லாபிலிருந்து, அதாவது தளத்தின் கான்கிரீட் பலகையிலிருந்து. ஆகவே முதலில் தளக்கோடு, அடுத்து அதன்மேல் புள்ளிகள், கடைசியில் பேனல். தோல் என்று தனியாக ஒன்று தேவையே இல்லை.

இந்த வழிகாட்டியில் ரைனோ என்ற முப்பரிமாண மாடலிங் மென்பொருளும், காம்பொனன்ட் எனும் பெட்டிகளைக் கம்பியால் இணைத்து வடிவம் உருவாக்க அதனோடு வரும் கிராஸ்ஹாப்பரும் போதும். ரைனோ 6 முதல் கிராஸ்ஹாப்பர் உள்ளேயே இருக்கிறது. தனியாக எந்த ப்ளக்-இன்னும் வேண்டாம். எடுத்துக்கொள்ளும் கோபுரம் இது: 40 தளம், தளத்துக்கு 3.6 மீட்டர், மொத்தம் 144 மீட்டர். தளவடிவம் நீள்வட்டம், அரை அச்சுகள் 18 மீட்டரும் 14 மீட்டரும். அடியிலிருந்து உச்சிவரை 60 டிகிரி திருகல், அதாவது தளத்துக்கு 1.5 டிகிரி. துபாயில் 306 மீட்டர் உயரத்தில் நிற்கும் கயான் கோபுரம் தளத்துக்கு 1.2 டிகிரி வீதம் 90 டிகிரி திரும்புகிறது. நம் எண்களும் கட்டக்கூடிய எண்கள்தான்.

1. தொடங்கும் முன் முடிவாக வேண்டியவை

நீங்கள் வரையப்போகும் நீள்வட்டம் எதைக் குறிக்கிறது? ஸ்லாபின் விளிம்பா, கண்ணாடியின் வெளிமுகமா, மல்லியனின் (கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கும் சட்டத்தின்) மையமா? இதை முதலிலேயே எழுதி வையுங்கள். ஸ்லாபுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பிராக்கெட்டுக்கும் தீத்தடுப்பு நிரப்புக்கும் இடம் வேண்டும். இதை முடிவு செய்யாமல் தொடங்கிய மாடல்களில் கட்டமைப்புக்காரர் ஒரு கோட்டையும் முகப்புக்காரர் வேறொரு கோட்டையும் பிடித்துக்கொண்டு வேலை செய்ததை ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். இங்கே நாம் எடுப்பது கண்ணாடியின் வெளிமுகம்.

இரண்டாவது, பேனலின் அகலம். அலுவலகக் கட்டடம் என்றால் 1.5 மீட்டரை ஒட்டி வைப்பது வழக்கம். நம் நீள்வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 100.9 மீட்டர். 1.5 ஆல் வகுத்தால் 67.3 வருகிறது. 67 எடுக்காதீர்கள், 68 எடுங்கள். நான்கால் வகுபடும் எண் என்றால் நான்கு அச்சு முனைகளிலும் ஒவ்வொரு புள்ளி விழும். உள்ளே சுவர் பிரிப்பவருக்கு அது பெரிய நிம்மதி. பேனல் அகலம் இப்போது 1.484 மீட்டர்.

மூன்றாவது, தள உயரப் பட்டியல். லாபி, சர்வீஸ் தளம் எல்லாம் 3.6 மீட்டரில் அடங்காது. முதல் தடவை பழகும்போது எல்லாத் தளமும் ஒரே உயரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும் விதம் நான்காம் பகுதியில் வருகிறது.

2. ஃபைலைத் தயார் செய்தல்

அலகு மீட்டர், டாலரன்ஸ் (மென்பொருள் பொறுத்துக்கொள்ளும் பிழையளவு) 0.001. வடிவம் எதையும் வரைவதற்கு முன் இதை வைத்துவிடுங்கள். மீட்டரில் டாலரன்ஸ் 0.01 என்றால் ஒரு சென்டிமீட்டர். பேனலின் நெளிவை மில்லிமீட்டரில் அளக்கப்போகிற நமக்கு அது ஆகாது.

கோபுரத்தின் மையத்தை ஆதிப்புள்ளியில் வையுங்கள். சர்வே வரைபடத்தை அதன் ஆயக்கூறுகளோடு அப்படியே உள்ளே இழுத்தால் கட்டடம் ஆதியிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். கோடுகள் திரையில் நடுங்கும், சின்னக் கணக்குகள் பிசகும். சைட்டுக்கு நகர்த்துவது கடைசி வேலை.

இன்னொன்று: ரைனோ ஃபைலைச் சேமித்தால் கிராஸ்ஹாப்பர் ஃபைல் சேமிக்கப்படாது. இரண்டும் தனித்தனி. ஒரு மதியம் முழுக்கக் கம்பி இழுத்துவிட்டு ரைனோவில் மட்டும் சேமித்து மூடியவரின் முகத்தைப் பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

3. தளக்கோடுகள்: 40 தளத்துக்கு 41 கோடு

‘எலிப்ஸ்’ ஒன்றை வைத்து இரண்டு ஆரங்களுக்கும் 18, 14 என்று ஸ்லைடர் (எண்ணை இழுத்து மாற்றும் பட்டி) கொடுங்கள். ‘சீரீஸ்’ ஒன்றில் தொடக்கம் 0, படி 3.6, எண்ணிக்கை 41. அதை ‘யூனிட் இசட்’ வழியாக ‘மூவ்’-க்குக் கொடுத்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்.

ஏன் 41? வேலி போடுகிறவருக்குத் தெரியும், 40 இடைவெளிக்கு 41 கம்பம் வேண்டும். 40 என்று கொடுத்தால் மேல் தளத்துக்குக் கண்ணாடி இருக்காது. கோபுரம் உயரமானது, ஒரு தளம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. பேனல் எண்ணிக்கை வரும்போதுதான் 68 குறையும். ஆகவே தளங்களின் ஸ்லைடரில் 40 வைத்து, ஒன்றைக் கூட்டி ‘சீரீஸ்’-க்குக் கொடுங்கள். 41 என்று கையால் எழுதி வைக்காதீர்கள்.

‘ரேஞ்ச்’ வேறு மாதிரி நடக்கும். அதற்கு 40 என்று கொடுத்தாலே 41 எண் தரும், ஏனென்றால் அது கேட்பது படிகளை. இரண்டையும் ஒரே கோப்பில் கலந்து வைத்தால் ஒன்று 41-ம் இன்னொன்று 42-ம் தந்து, உச்சியில் கோடு ஒன்று இரட்டையாகக் கிடக்கும்.

4. திருகல்: கோணப் பொறி

இன்னொரு ‘சீரீஸ்’: தொடக்கம் 0, படி 1.5, எண்ணிக்கை அதே 41. கடைசி எண் 60 வருகிறதா பாருங்கள். இதை ‘ரொட்டேட்’ காம்பொனன்டின் கோண உள்ளீட்டில் சேருங்கள்.

திரையில் கோபுரத்துக்குப் பதிலாக முள்ளுருளை மாதிரி ஏதாவது வந்தால் பயப்படாதீர்கள், எல்லோருக்கும் ஒரு தடவை வரும். அந்த உள்ளீடு ரேடியனில் எதிர்பார்க்கிறது. 1.5 ரேடியன் ஏறத்தாழ 86 டிகிரி. அந்த உள்ளீட்டின் மேல் வலது கிளிக் செய்து ‘டிகிரீஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இதைவிட மோசமானது, திருகல் 0.1 என்று சின்னதாக இருக்கும்போது நடப்பது. அது 5.7 டிகிரியாகத் திரும்பும், பார்க்க அழகாகவும் இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே உள்ள கோணத்தை எப்போதும் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

தள உயரங்கள் வேறுபட்டால் திருகலைத் தளக் கணக்கில் கொடுக்காதீர்கள், உயரக் கணக்கில் கொடுங்கள். 3.6 மீட்டருக்கு 1.5 டிகிரி என்றால் 6 மீட்டர் லாபிக்கு 2.5 டிகிரி. தளத்துக்கு 1.5 என்றே விட்டால் லாபியில் மட்டும் மல்லியன் நிமிர்ந்து, அடுத்த தளத்தில் சட்டென்று சாயும். தெருவில் நிற்பவருக்கு அந்த ஒடிவு தெரியும். உயரங்களைக் கூட்ட ‘மாஸ் அடிஷன்’ உதவும். அதன் பகுதிக் கூட்டுகள் முதல் தளத்தின் உயரத்திலிருந்துதான் தொடங்கும், தரைக்குரிய 0-ஐ நீங்கள்தான் முன்னால் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான், முதலில் சொன்ன லாஃப்ட் ஏன் கைவிடுகிறது என்று கணக்காகப் பார்க்கலாம். அடிக்கோட்டையும் 60 டிகிரி திரும்பிய உச்சிக்கோட்டையும் நேர்கோடுகளால் இணைத்தால் நடுவில் இடுப்பு ஒடுங்கும். 18 மீட்டர் ஆரம் பாதி உயரத்தில் 18 பெருக்கல் கோசைன் 30, அதாவது 15.6 மீட்டர் ஆகிவிடும். நெட்டச்சின் முனையில் இரண்டு மீட்டருக்கு மேல் தளம் காணாமல் போகிறது. தளத்துக்குத் தளம் இணைத்தால் அதே குறைவு 1.5 மில்லிமீட்டர்தான்.

5. புள்ளிகள்

‘டிவைட் கர்வ்’ போடுவதற்கு முன் கோடுகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்க வேண்டும். பேனலின் கீழ்விளிம்பு உட்காரும் கோடுகள் ஒன்று, மேல்விளிம்பு உட்காரும் கோடுகள் மற்றொன்று. இரண்டு ‘கல் இண்டெக்ஸ்’ எடுங்கள். பெயரைக் கேட்டுக் கல்லோ என்று நினைக்க வேண்டாம், களை எடுக்கிற வேலைதான். ஒன்றில் -1 கொடுத்தால் கடைசிக் கோடு போகும், மிச்சம் 40 கீழ்க்கோடு. மற்றொன்றில் 0 கொடுத்தால் முதல் கோடு போகும், மிச்சம் 40 மேல்க்கோடு. கடைசிக்கு 40 என்ற எண்ணை எழுதாமல் -1 எழுதுவது, தள எண்ணிக்கை மாறினாலும் தானாகப் பொருந்துவதற்காக.

இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனி ‘டிவைட் கர்வ்’, இரண்டிலும் 68. மூடிய கோடு என்பதால் 68 துண்டுக்கு 68 புள்ளியே வரும், இங்கே வேலிக் கணக்கு கிடையாது. வெளியீட்டில் 40 கிளை (கோட்டுக்கு ஒரு தனிப் பட்டியல்), கிளைக்கு 68 புள்ளி இருக்க வேண்டும். தரவை எழுத்தாகக் காட்டும் ‘பேனல்’ காம்பொனன்டை ஒட்டி இதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கம்பியை இழுக்க வேண்டும்.

எலிப்ஸ் காம்பொனன்ட் தரும் கோடு நெட்டச்சின் முனையில் தொடங்கும், திருப்பும்போது அந்தத் தொடக்கமும் கூடவே திரும்பும். அதனால் இங்கே தையல் (மூடிய கோடு தொடங்கி முடியும் இடம்) சிக்கல் வராது. ஆனால் தளக்கோடுகளை ரைனோவில் கையால் வரைந்து கொண்டுவந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கும், சில எதிர்த்திசையிலும் ஓடும். பேனல்கள் கோபுரத்தின் வயிற்றுக்குள்ளே குறுக்கே பாயும். ‘ஃப்ளிப் கர்வ்’ வைத்துத் திசையையும் ‘சீம்’ வைத்துத் தொடக்கத்தையும் சரிசெய்யுங்கள். திசைதான் முதலில், ஏனென்றால் திசை மாறினால் அளவுரு எண்களும் மாறிவிடும், வைத்த தொடக்கம் வேறெங்கோ போகும்.

6. பேனல்கள்

இரண்டு புள்ளிக் கூட்டத்துக்கும் ‘ஷிஃப்ட் லிஸ்ட்’ ஒன்று வீதம், நகர்த்தல் 1, ‘ராப்’ உண்மை, அதாவது கடைசிப் புள்ளிக்கு அடுத்தது மறுபடி முதல் புள்ளி. இப்போது நான்கு பட்டியல்கள் கையில் இருக்கின்றன: கீழ்ப்புள்ளி, அதன் அடுத்தது, மேல்ப்புள்ளி, அதன் அடுத்தது. ‘ஃபோர்பாயிண்ட் சர்ஃபேஸ்’-க்கு வரிசை இதுதான்: கீழ், கீழ் அடுத்தது, மேல் அடுத்தது, மேல். சுற்றி வர வேண்டும். கடைசி இரண்டையும் மாற்றிப்போட்டால் ஒவ்வொரு பேனலும் வண்ணத்துப்பூச்சி மாதிரி நடுவில் முறுக்கிக்கொள்ளும்.

மொத்தம் 2,720 பேனல். எண்ணிக்கை சரியாக வந்தாலும் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், ஏனென்றால் இரண்டு பிழைகள் ஒரு பக்கத்தில் மட்டுமே தெரியும். அடியிலிருந்து உச்சிவரை ஒரு பேனல் அகலத்துக்குக் கிழிசல் ஓடினால் ‘ராப்’ பொய்யில் இருக்கிறது. அந்தத் தையல் ஓரத்தில் மட்டும் பேனல்கள் போல்ட் மரை போல ஒரு தளம் ஏறி அடுத்த தளத்தோடு ஒட்டியிருந்தால் எங்கோ ‘ஃப்ளாட்டன்’ இருக்கிறது. 40 கிளையும் ஒரே பட்டியலாகி, 68-ஆம் புள்ளிக்கு அடுத்தது மேல் தளத்தின் முதல் புள்ளி ஆகிவிட்டது.

கணினி திணறினால் தளங்களின் ஸ்லைடரை 5-க்கு இறக்கி வேலை செய்யுங்கள். ஐந்து தளத்தில் சரியாக இருப்பது நாற்பதிலும் சரியாக இருக்கும்.

7. நெளிவு: கண்ணாடி தட்டையாக இருக்குமா?

பலரும் தாண்டிப்போவது இந்தப் பகுதியைத்தான். பணம் போவதும் இங்கேதான்.

முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும். மூன்று புள்ளி எப்போதும் ஒரே தட்டைப் பரப்பில் உட்காரும், நான்காவது உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை. நம் பேனலின் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட 1.5 டிகிரி திரும்பியிருக்கிறது. 1.484 மீட்டர் அகலத்துக்கு அது நான்காவது மூலையை ஏறத்தாழ 39 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். திரையில் துளிகூடத் தெரியாது.

அளப்பதற்கு நான்கு பட்டியலையும் ‘கிராஃப்ட்’ செய்து ‘மெர்ஜ்’-இல் சேர்த்து ‘பிளேன் ஃபிட்’-க்குக் கொடுங்கள். கிராஃப்ட் செய்வது, ஒவ்வொரு பேனலின் நான்கு புள்ளியும் தனிக்கிளையில் சேர வேண்டும் என்பதற்காக. வரும் விலகலை ஆயிரத்தால் பெருக்கினால் மில்லிமீட்டர்.

இப்போது 39 வராது, 10-ஐ ஒட்டித்தான் வரும். தவறில்லை. ‘பிளேன் ஃபிட்’ நான்கு மூலைக்கும் நடுவாக ஒரு தட்டைப் பரப்பைப் போடுகிறது, அதனால் இரண்டு மூலை மேலேயும் இரண்டு மூலை கீழேயும் கால்பங்கு கால்பங்காக விலகும். மூன்று மூலையை ஊன்றி நான்காவதை அளந்தால்தான் 39. எங்கள் அலுவலகத்தில் இருவர் இதே மாதிரி ஒரு பேனலுக்கு இரண்டு எண் சொல்லி அரைநாள் சண்டை போட்டார்கள், இரண்டு பேரும் சரி. அறிக்கையில் எண்ணோடு, எந்த முறையில் அளந்தது என்பதையும் எழுதுங்கள். கண்ணாடிக்காரர் கேட்பது பெரும்பாலும் மூன்று மூலை ஊன்றிய கணக்கு.

அடுத்து என்ன? மூன்று வழி உண்டு.

ஒன்று, தட்டைக் கண்ணாடியைச் சட்டத்தில் வைத்து அழுத்தி அந்த 39-ஐ வாங்கிக்கொள்வது. கண்ணாடியின் தடிமன், லேமினேட் செய்ததா, இரட்டைக் கண்ணாடியின் ஓர ஒட்டு எவ்வளவு இழுவை தாங்கும் என்பதையெல்லாம் பொறுத்தது. இதை மாடல் செய்பவர் முடிவு செய்யக் கூடாது, முகப்புப் பொறியாளருக்கு எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

இரண்டு, ஒவ்வொரு பேனலையும் இரண்டு முக்கோணமாகப் பிரிப்பது. நெளிவு பூஜ்யம், ஆனால் 5,440 துண்டு, குறுக்கே ஒரு மல்லியன், ஒரு முனையில் ஆறு சட்டம் வந்து சேரும் இணைப்பு. லண்டனின் 30 செயின்ட் மேரி ஆக்ஸ் அத்தனை வளைவாகத் தெரிந்தாலும் அதில் வளைத்த கண்ணாடி உச்சி மூடி ஒன்றுதான், மற்றதெல்லாம் தட்டை.

மூன்று, படி வைப்பது. மேல்ப்புள்ளியை எடுக்காமல் கீழ்ப்புள்ளியையே 3.6 மீட்டர் நேராகத் தூக்கினால் பேனல் செங்குத்தாகவும் தட்டையாகவும் இருக்கும். திருகல் முழுக்க ஸ்லாப் மட்டத்தில் ஒரு படியாகச் சேரும். நம் கோபுரத்தில் அந்தப் படி அதிகபட்சம் 10 செ.மீ.-ஐ ஒட்டி வருகிறது, அது இரண்டு அரை அச்சுகளின் வித்தியாசமான 4 மீட்டரை 1.5 டிகிரி திருப்புவதால் வருவது. அச்சு முனைகளில் படியே இல்லை. 632 மீட்டர் ஷாங்காய் கோபுரத்தின் வெளித்தோல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனக்குப் பிடித்ததும் இதுதான், ஆனால் படியில் தூசியும் நீரும் தங்கும், கழுவ வருகிறவரின் தொட்டில் இடிக்கும். மல்லியன்களும் தளத்துக்குத் தளம் பக்கவாட்டில் விலகி நிற்கும்.

தட்டைப் பேனலுக்கு இன்னொரு விளைவும் உண்டு. அது வளைவை ஒட்டிப் போகாது, நாணாக உள்ளே வெட்டும். நெட்டச்சின் முனையில், வளைவு அதிகமான இடத்தில், பேனலின் நடு 25 மில்லிமீட்டர் உள்ளே வரும். அகன்ற பக்கத்தில் 12. ஸ்லாபுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி குறித்தபோது இதைக் கழிக்காவிட்டால் பிராக்கெட்டுக்கு இடம் பற்றாது.

8. எத்தனை வகைப் பேனல்?

எல்லாத் தளமும் ஒரே நீள்வட்டம், ஒரே அளவு திருகல். ஆகவே ஒரு தளத்தின் பேனல் வரிசைதான் மற்ற 39 தளத்திலும். நீள்வட்டம் 180 டிகிரி திரும்பினால் தன்னையே ஒக்கும், அதனால் ஒரு தளத்தின் 68-இலும் பாதிதான் வேறுபட்டவை. 2,720 பேனலுக்கு 34 வகை.

சோதிக்க, நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் அளந்து ஆறு எண்ணையும் ஒரே சரமாக ஒட்டி ‘கிரியேட் செட்’-இல் போடுங்கள். முதல் தடவை ஆயிரக்கணக்கில் வகை காட்டினால், எண்களை முழு எண்ணாகச் சுருக்க மறந்திருக்கிறீர்கள். பத்தாவது தசமத்தில் வரும் வித்தியாசத்தையும் அது வேறு வகையாகவே எண்ணும். ‘ரவுண்ட்’ முழு எண்ணுக்குத்தான் சுருக்கும், ஆகவே முதலில் ஆயிரத்தால் பெருக்குங்கள். 34-க்குப் பதில் 36 வந்தால், ஏதோ ஒரு நீளம் சரியாக அரை மில்லிமீட்டரில் நின்று ஒரு தளத்தில் மேலேயும் ஒரு தளத்தில் கீழேயும் விழுந்திருக்கிறது. ஆறு எண்ணையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தாதீர்கள், இடவலம் மாறிய பேனலும் ஒரே வகையாகக் காட்டிவிடும்.

9. மேலே போகப் போக ஒல்லியாக்குவது

வகை எண்ணிய பிறகு இதை வைத்ததற்குக் காரணம் உண்டு. 0 முதல் 1 வரை ‘ரேஞ்ச்’, அதிலிருந்து ‘கிராஃப் மேப்பர்’, அதன் எண்ணை ஆரங்களோடு பெருக்கினால் கோபுரம் இடுப்பு வைத்து நெளியும். ஐந்து நிமிட வேலை. ஆனால் இனி ஒவ்வொரு தளமும் தனி. 34 வகை 1,360 ஆகிறது. பேனல் அகலமும் தளத்துக்குத் தளம் மாறும். கிராஃபை இழுத்து விளையாடும்போது வகை எண்ணிக்கையைத் திரையில் பக்கத்திலேயே காட்டி வையுங்கள். அழகு ஒரு கண்ணிலும் அந்த எண் இன்னொரு கண்ணிலும் படட்டும்.

10. எண்ணிடலும் ஒப்படைப்பும்

பெயரில் தளம் முதலில், வரிசை அடுத்து: தளம் 12, பேனல் 34. வரிசை எங்கே தொடங்குகிறது, வெளியிலிருந்து பார்த்தால் இடமா வலமா என்பதை ஒரு படத்தில் அம்புக்குறியோடு காட்டுங்கள். உச்சியில் முதல் பேனல் 60 டிகிரி திரும்பிப் போயிருக்கும். தரையில் வாசலுக்கு நேர் மேலே இருந்த எண்ணை 40-ஆம் தளத்திலும் அங்கேயே தேடினால் கிடைக்காது.

கட்டட வரைபடங்களுக்கான மென்பொருளான ரெவிட்டுக்குக் கொண்டுபோக ரைனோ 7 முதல் வந்த ரைனோ இன்சைட் ரெவிட் இருக்கிறது. கொடுக்கும் நான்கு புள்ளிக்கேற்ப வடிவம் மாறும் அடாப்டிவ் பேனல் ஒன்றை ரெவிட்டில் செய்துவைத்து, ஆறாம் பகுதியில் சொன்ன அதே சுற்று வரிசையில் புள்ளிகளைக் கொடுங்கள். வரிசை எதிர்த்திசையில் போனால் பேனலின் வெளிமுகம் உள்ளே திரும்பி, மல்லியன் மூடிகள் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் ஒரே ஒரு தளத்தை மட்டும் அனுப்பி, தொலைவில் இருந்து பார்க்காமல் ஒரு மூலையை நெருங்கிப் பார்த்துவிட்டு மீதி 39-ஐ அனுப்புங்கள்.